ஷூ பாலிஷ் முட்டைகள்

என் மாமனார் ஏலக்காரர். ஏலக் கூடத்து மேடையில் ஏறி நின்று, ஒரு கால் ஆடும் நாற்காலியை "உட்கார்ந்ததும் தாலாட்டும் நாற்காலி" என்று விற்றவர். ஓடாத கடிகாரத்தை "நிம்மதியாகத் தூங்கவிடும் கடிகாரம்" என்று சொல்லி இரண்டு பேரைப் போட்டி போட வைத்தவர். ஊரிலிருந்த ஓட்டை உடைசலையெல்லாம் வாயாரப் புகழ்ந்த அந்த வாயிலிருந்து, வீட்டுக்குள் ஒரு நல்ல வார்த்தை விழுந்து நான் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு "சூடா இருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் அது ஒன்றுதான்.

நான் பல் செட் செய்பவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். எங்கள் லேபில் மெழுகில் செதுக்கி, அச்சு எடுத்து, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவோம். மாமனாருக்கும் நான்தான் செய்தேன். மேல் வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல் அவருக்கு ஒரு காலத்தில் கொஞ்சம் திரும்பி நிற்கும், பழைய போட்டோவில் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி திருப்பி வைத்தேன். லேபில் எல்லோரும் "நேரா வைச்சா என்ன குறைஞ்சிடும்?" என்றார்கள். நேராக வைத்தால் அது வேறு யாருடைய வாயாகவோ இருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை.

மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கழற்றினார்.

"குதிரைக்கு அளவெடுத்தியா?" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பல் செட் வாஷ்பேசின் ஓரத்துக் கண்ணாடி டம்ளரில் முழுகிக் கிடந்தது. பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு வயிறு எரியும்.

பல் இல்லாவிட்டாலும் இனிப்பு மட்டும் தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல், ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் நாத்தனார் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். அவர் என் கணவருக்கு அக்கா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வீட்டிலும் அதே பழக்கம்தான். யார் எதை ஓட்டினாலும் பிரேக் அவர் காலடியில் இருக்க வேண்டும்.

"ஈஸ்டர் அன்னைக்கு வருவேன். சக்கரை பார்க்கற மீட்டரோட வருவேன்," என்றார். "இருநூறுக்கு மேல ஒரு புள்ளி காட்டினாலும் அப்பா என் கூட வந்துடணும். ஒரு விரல் போச்சு. கால் போற வரைக்கும் நான் வேடிக்கை பார்க்க மாட்டேன்."

"நான் பார்த்துக்கறேன், அண்ணி."

"பார்த்துக்கிட்டதாலதான் விரல் போச்சு."

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், என் கணவர் என் கையைப் பிடித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அக்காவும் நானும் மோதிக்கொண்டால் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆகிவிடுவார், மேலேயும் போகமாட்டார், கீழேயும் இறங்கமாட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் போய்விட்டால் நான் நிம்மதியாக இருப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானே சில நாள் அப்படி நினைத்திருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த நாட்களில் வீடு வீடாகவே இல்லை. லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது "வந்துட்டாங்க மகாராணி" என்று ஒரு குரல் வரவில்லை. குழம்பில் உப்பு கூடியதைச் சொல்ல ஆளில்லை. கணவர் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கும்மா" என்பார், செங்கல்லைக் கொடுத்தாலும் சொல்வார். எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும். அந்தக் கிழவர் எனக்கு வேண்டும். இதை வெளியே சொன்னால் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பதால் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால் ஈஸ்டர்தான் வருஷத்திலேயே ஆபத்தான நாள். எங்கள் கட்டடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் முட்டைத் தாத்தா. வருஷா வருஷம் கடையில் பெரிய பை நிறைய சாக்லேட் முட்டை வாங்கி வந்து, சர்ச் முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து கொடுப்பார். பிள்ளைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அதைக் கொடுக்கக் கூடாது என்றால் குழந்தைகள் கதவை உடைத்துவிடும். கொடுக்கலாம் என்றால் மீட்டர் உடைந்துவிடும்.

"வீட்லயே செய்யறேன்," என்றேன். "கடை முட்டையில முக்கால்வாசி சர்க்கரைதான். நான் செய்யறதுல கொக்கோ இருக்கும், பாதாம் இருக்கும். அளவா சாப்பிட்டா உடம்புக்கும் கெடுதல் இல்ல."

மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "சாக்லேட்டா, மருந்தா?"

"சாக்லேட்தான்."

"மருந்துக்கடையில விக்கிற சாக்லேட்," என்று செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

அச்சுக்கு நான் அலையவில்லை. லேபில் மெழுகு எடுத்துப் புறா முட்டை அளவில் அரை முட்டைகளாகச் செதுக்கினேன். வாயில் வைக்கும் சாமான்கள் செய்கிற இடம்தான், புது சிலிக்கோன் டப்பா உடைத்து அச்சு வார்த்தேன். பல்லுக்கு வார்க்கிற கைக்கு முட்டை ஒரு பெரிய விஷயமா என்ற திமிர் எனக்கு இருந்தது. அச்சில் தோற்கவில்லை, சாக்லேட்டில்தான் தோற்றேன்.

முதல் தடவை, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துக் கறுப்பு சாக்லேட்டை உருக்கினேன். பட்டு மாதிரி உருகி வந்தது. கழுவிய கரண்டியைத் துடைக்காமல் உள்ளே விட்டேன். அதிலிருந்த நாலு சொட்டுத் தண்ணீர்தான், மொத்தமும் முறுக்கிக்கொண்டு கட்டியாகிவிட்டது. உருகின சாக்லேட்டுக்கும் என் மாமனாருக்கும் ஒரே குணம், எதற்குக் கோபம் வருமென்று சொல்ல முடியாது. அவர் சமையலறை வாசலில் நின்று கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"ரோடு போட ஆள் எப்ப வர்றாங்க?"

இரண்டாவது தடவை, யாரோ சொன்னார்களென்று உள்ளே வைக்க அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் சேர்த்தேன். உடம்புக்கு ரொம்ப நல்லதாம். பச்சையாக, வழவழவென்று, புல்வெளியில் வழுக்கி விழுந்தவன் வாயில் போன மாதிரி ஒரு ருசி. என் கணவர் ஒன்றை விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு "நல்லாருக்கும்மா" என்றார். மாமனார் தன் பங்கை ஜன்னலோரச் செடித்தொட்டியில் புதைத்தார். செடி இன்றுவரை தேறவில்லை.

இதற்கு நடுவே ஒரு சோதனையும் நடந்தது. மூடி சரியில்லாத நீல நிறப் பல் செட் டப்பாக்களை லேபில் தூக்கிப் போடுவார்கள். ஆணி, திருகாணி போட்டு வைக்கவென்று மாமனார் என்னிடம் கேட்டு வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். தூசி தட்டும்போது ஒன்றைக் கையிலெடுத்தேன். ஆணி எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். இது வேறு சத்தம். திறந்தால் டாஃபி. அடுத்ததைத் திறந்தால் டாஃபி. அலமாரி முழுவதும் அப்படித்தான், அடியில் இருந்த ஒரே ஒரு டப்பாவில் மட்டும் கண்துடைப்புக்கு நாலு ஆணி.

"இது என்ன, மாமா?"

"ஆணிதான். துரு பிடிக்காம இருக்க மேல தாள் சுத்தியிருக்கு."

கணவரும் நானும் அத்தனையையும் குப்பையில் கொட்டினோம். மாமனார் அன்று சாயங்காலம் வரை சாப்பிடவில்லை, என்னிடம் பேசவுமில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதனிடம் பேசினார். "ஏலத்துக்கு வர்ற வீட்லகூட குடியிருந்தவங்களுக்கு ஒரு மரியாதை இருக்கும்," என்றார் பால் பாக்கெட்டிடம். பிறகு எனக்குக் கேட்கிற மாதிரி, "என் பொண்ணுகிட்டயே போயிடறேன். அவ அதட்டுவா. ஆனா ஜப்தி பண்ண மாட்டா."

வழக்கமான வீம்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மூன்றாவது தடவை செய்தேன். சர்ச்சில் மூன்றாம் நாளைப் பற்றி நிறையச் சொல்லுவார்கள், எங்கள் வீட்டில் மூன்றாம் தடவையில் உயிர்த்தெழுந்தது சாக்லேட்தான். கரண்டி, கிண்ணம், என் கை எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தேன். பாதாமை வறுத்துப் பொடித்தேன். இனிப்புக்கும் ஒட்டிக்கொள்ளவும் கொஞ்சமே கொஞ்சம் பேரீச்சம்பழம், பிசுபிசுவென்று மசித்தது. ஆரஞ்சுத் தோலை மேலாகத் துருவி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தேன். அச்சில் கறுப்பு சாக்லேட் ஊற்றி, நடுவில் இந்தப் பூரணத்தை வைத்து, இரண்டு பாதிகளையும் ஒட்டினேன். கடித்தால் முதலில் கசக்கும். பிறகு உப்பு தெரியும், பிறகு ஆரஞ்சு வரும், கடைசியில்தான் இனிப்பு எட்டிப் பார்க்கும். நின்ற வாக்கிலேயே இரண்டு தின்றேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒன்றைத் தட்டில் வைத்து மாமனார் முன்னால் வைத்தேன். வேலையில் முதல் பல் செட்டைக் காட்டும்போதுகூட எனக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. அவர் முட்டையைப் புரட்டிப் பார்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டு ஈறால் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் மூடியிருந்தார். பிறகு ஒரு டிஷ்யூவை எடுத்து வாயில் வைத்து, மடித்து, நாகரிகமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஷூ பாலிஷ்," என்றார்.

"எந்தக் கலர் ஷூவுக்குப்பா?" என்று என் கணவர் கேட்டார். அவருக்கு எப்போது வாயைத் திறப்பது என்று தெரியாது.

தட்டுகளை ஃபிரிட்ஜில் வைத்து, கதவைப் படாரென்று சாத்தினேன். குளியலறைக்குப் போய், டம்ளரில் சிரித்துக்கொண்டிருந்த பல்லைப் பார்த்து, "போறதுன்னா போங்க," என்றேன். சொன்ன கையோடு அழுதும் தொலைத்தேன். என் பல்லையும் வேண்டாமென்றார், என் சாக்லேட்டையும் வேண்டாமென்றார், இனி என்னிடம் செய்து கொடுக்க வேறு என்ன இருக்கிறது?

ஈஸ்டர் காலையில் சர்ச்சுக்குப் போனோம். போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றி உருக்கமாகப் பேச, மாமனார் முதல் வரிசையில் குறட்டை விட்டார். பாட்டுச் சத்தத்தில்தான் அவர் உயிர்த்தெழுந்தார். வீட்டுக்கு வந்ததும் "கொஞ்சம் படுக்கறேன்" என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே நாத்தனார் வந்துவிட்டார். கையில் மீட்டர் பை. இன்னொரு கையில் காலிப் பெட்டி. நான் தோற்பேன் என்று தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"அப்பா!" என்று கதவைத் தட்டினார். உள்ளே ஏதோ உருண்டது, டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. "அப்பா, வெளிய வாங்க!"

மாமனார் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாய் இறுக மூடியிருந்தது. அவரைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, நாத்தனார் பையைக் கொட்டினார். "பஞ்சும் மருந்தும் காருக்குள்ளயே வைச்சுட்டேன். பரவாயில்ல," என்று விரலைப் பிடித்து ஊசியால் ஒரு குத்து. ரத்தத்தைச் சொட்ட வைத்து மீட்டரில் போட்டார். நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்னூற்றுப் பதினெட்டு.

நான் மீட்டரைச் சாய்த்து மறுபடி பார்த்தேன்.

"சொன்னேன்ல?" என்றார் நாத்தனார். ஜெயித்த முகம் இல்லை, பயந்த முகம். "முன்னூறு! இதுக்குப் பேரு பார்த்துக்கறதா?"

"டாஃபிய எல்லாம் கொட்டிட்டேன், அண்ணி. நிஜமா."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? ஆகாயத்துலேருந்தா?" ஃபிரிட்ஜைத் திறந்தார். முட்டைத் தட்டில் ஒரு வரிசையே காலி. "இதோ!"

"அவர் அத தொட மாட்டார். ஷூ பாலிஷ்னு சொல்லித் துப்பினாரு. உங்க தம்பிதான் தின்னிருப்பாரு."

"நானா?" என்றார் என் கணவர். "நான் வெண்ணெய்ப்பழ முட்டைக்கு அப்புறம் ஃபிரிட்ஜ் பக்கமே போகல." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு," என்று சேர்த்துக்கொண்டார்.

மாமனார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சூப்பைக் குடித்தாலும் இரண்டு குறை சொல்லுகிறவர், தன் தலைவிதி பேசப்படுகிற இடத்தில் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நீங்களாவது சொல்லுங்க மாமா! எங்க ஒளிச்சு வைச்சிருக்கீங்க? இன்னும் எத்தன டப்பா இருக்கு?"

நாத்தனார் பெட்டியைத் திறந்து, கொடியில் கிடந்த அப்பாவின் சட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். போகிறவர் போகட்டும், திருட்டு இனிப்பையாவது கண்டுபிடித்து அவர் மூஞ்சியிலேயே வைக்கிறேன் என்று அவர் அறைக்குள் புகுந்தேன். மெத்தையைத் தூக்கினேன். ரேடியோவுக்குப் பின்னால் பார்த்தேன். தலையணை உறைக்குள் கைவிட்டதும் தட்டுப்பட்டது, நீல டப்பா.

திறந்தேன். உள்ளே டாஃபி இல்லை. டிஷ்யூவில் பத்திரமாகச் சுற்றி, என் முட்டைகள். சர்ச்சுக்குக் கிளம்பும் முன் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார், நாலைந்து நாளைக்குச் சேமிப்பு. மேலே ஒன்று பாதி தின்றபடி கிடந்தது.

அந்தப் பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஈறால் அழுத்தினால் சாக்லேட் நசுங்கும், இப்படி வெட்டுப்படாது. இது பல்லால் கடித்தது. முன்பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன, ஓரத்தில் ஒரு பல் மட்டும் கொஞ்சம் திரும்பி விழுந்திருந்தது. இடப்பக்கத்துக் கோரைப்பல். உலகத்தில் எத்தனை கோடி வாய் இருந்தாலும் அந்தக் கடி எனக்குத் தெரியும், அந்தப் பல்லை அந்தக் கோணத்தில் வைத்தது நான்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டுக்கும் மூக்குதான் பாடுபட்டது. குதிரைக்கு அளவெடுத்தது என்றாரே, அதைப் போட்டுக்கொண்டு ஷூ பாலிஷ் தின்றிருக்கிறார், திருடன்!

வெளியே வந்து டப்பாவை மேஜை மேல் வைத்தேன்.

"மாமா, இத யாரு கடிச்சது?"

மாமனார் எட்டிப் பார்த்தார். "எலி."

"எலிக்கு நான் பல் செட் செஞ்சு கொடுக்கல. அண்ணி கதவத் தட்டினதும் கழற்றிப் பாக்கெட்ல போட்டீங்கல்ல, அத எடுங்க."

"என்ன பாக்கெட்?"

"எடுங்க மாமா."

நாத்தனார் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாமனார் பேன்ட் பையில் கைவிட்டு, உலகத்திலேயே கனமான பொருளை எடுப்பவர் போல மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தார். என் பல் செட். ஒவ்வொரு பல்லிடுக்கிலும் சாக்லேட். நான் பாதி முட்டையை எடுத்து அதன் வாயில் பொருத்தினேன். சாவி பூட்டில் உட்காருவது போல உட்கார்ந்தது.

"ஷூ பாலிஷா?" என்றேன்.

"பசி," என்றார்.

"எவ்வளவு நாளா பல்லு போட்டுக்கறீங்க?"

"போட்டுக்கறதில்ல. யாரும் இல்லாதப்ப சும்மா மாட்டிப் பார்ப்பேன்." குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்குச் சொன்ன சொல்ல எப்படித் திருப்பி எடுக்கறது? ஏலத்துல அடிச்ச சுத்தியலத் திருப்பித் தூக்க முடியாது."

நாத்தனாருக்கு இந்தப் பல் கதையிலெல்லாம் நாட்டமில்லை. "எல்லாம் சரி. இத தின்னுதான் முன்னூறு ஏறியிருக்கு," என்று இன்னொரு தடவை பார்க்க அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். விரலை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"என்னப்பா கை பிசுபிசுங்குது?"

"பேரீச்சம்பழம். நீ எங்க கழுவ விட்ட? வந்ததும் வராததுமா கதவ உடைச்ச."

நாத்தனார் என்னைப் பார்த்தார், நான் மீட்டரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "அய்யோ, விரல்ல இருந்த சக்கரையையும் சேர்த்துல்ல அளந்திருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவை வாஷ்பேசினுக்கு இழுத்துக்கொண்டு போய், சின்னப்பிள்ளைக்குக் கழுவுவது போல இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இந்தத் தடவை அடுத்த கையில் குத்தினார்.

நூற்று நாற்பத்திரண்டு. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினார். நூற்று முப்பத்தொன்பது.

"விரல் தீர்ந்துபோகும்டி," என்றார் மாமனார். "ஏற்கெனவே கணக்குல ஒண்ணு குறையுது."

நாத்தனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபமெல்லாம் வடிந்து, பயந்துபோன மகள் மட்டும் மிச்சமிருந்தார். "தப்பு என் மேலதான்," என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்து, "நம்பர விடுங்கப்பா. நேத்து நீங்கதானே போன் பண்ணி, இங்க இருக்க முடியல, உன்கிட்ட வந்துடறேன்னு சொன்னீங்க? அதனாலதான் பெட்டியோட வந்தேன். உங்களுக்கு எங்க இருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அப்படியானால் அது வெறும் வீம்பில்லை. போன் வரைக்கும் போயிருக்கிறது. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பல் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அலறியது. கட்டடத்துக் குழந்தைகள் மொத்தமும் வாசலில் நின்றன. "முட்டைத் தாத்தா!"

நான் பல் செட்டை எடுத்துக் குழாயில் கழுவி, அவர் முன்னால் நீட்டினேன். வாங்கி, எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்டார். தொளதொளவென்றிருந்த முகம் ஒரு நொடியில் நிமிர்ந்துவிட்டது. குழந்தைகளை உள்ளே கூப்பிட்டு, தட்டை எடுத்து வரச் சொன்னார். ஒரு கையை மேஜையில் ஊன்றி எழுந்து நின்று, நீல டப்பாவைச் சுத்தியல் மாதிரி பிடித்து டக்கென்று தட்டினார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே ஓய்வு பெற்ற அந்தக் குரலை அன்றுதான் முதல்தடவை கேட்டேன்.

"கூடியிருக்கும் பெரியோர்களே! இதோ பாருங்க, உருண்டையா, பளபளன்னு, ஒரு கீறல் இல்லாத முட்டை. இது கோழி போட்டதில்ல. ஈஸ்டர் முயல் போட்டதில்ல. என் மருமக போட்டது!"

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. என் கணவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"கடை முட்டை இல்ல, சக்கரையக் கொட்டி ஏமாத்த. பாதாம் இருக்கு, ஆரஞ்சு இருக்கு, உப்பு ஒரு சிட்டிகை. வாயில போட்டதும் கசக்கும். அவசரப்பட்டுத் துப்பிடாதீங்க. சில முட்டாளுங்க துப்பற மாதிரி நடிப்பாங்க, அவங்கள நம்பாதீங்க. கொஞ்சம் பொறுத்தா..." அங்கே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். விற்பதற்காகச் சொன்னதா, நிஜமாகச் சொன்னதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏலம் போயின. ஒருவன் ஒற்றைக்காலில் குதித்து ஒன்றை எடுத்தான். ஒருத்தி தலைகீழாக நின்று இரண்டு எடுத்தாள். தட்டு காலியானதும் மாமனார் டப்பாவைக் கீழே வைக்கவில்லை.

"கடைசி உருப்படி," என்றார். "ஒரு கிழவன். பழைய சரக்கு. ஒரு விரல் குறை, சொந்தப் பல்லு கிடையாது, சக்கரை உண்டு, திருட்டுப் புத்தி உண்டு. வாய் அளவுக்கு மேல. சொன்ன சொல்லத் திருப்பி எடுக்கத் தெரியாது. உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன், அப்புறம் குறை சொல்லக் கூடாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கேக்கறவங்க இருக்கீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாத்தனார் பெட்டியிலிருந்த ஒரு சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு கணம் அந்தப் பெரிய ஏலக்காரரின் முகம், கேட்க ஆளில்லாத பொருளின் பக்கத்தில் நிற்கிறவர் முகமாகிவிட்டது.

"நான்! ஒரு குட்டிக்கரணம்!" என்று ஒரு பொடியன் கத்தினான்.

"குட்டிக்கரணம் ஒரு தரம்," என்றார் மாமனார்.

"தினமும் ஒரு முட்டை," என்றேன் நான். எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. "ஒண்ணுதான், அதுக்கு மேல கிடையாது. பல்லு தேய்ச்சுக் கழுவித் தருவேன். சண்டை இலவசம்."

"தினமும் ஒரு முட்டை, சண்டை இலவசம்," என்றார். "ஒரு தரம்." மகளைப் பார்த்தார். நாத்தனார் அவரையே பார்த்தபடி, பெட்டியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். "ரெண்டு தரம்." நாத்தனார் காலிப் பெட்டியை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தலையை ஆட்டினார்.

"மூணு தரம்."

டப்பா மேஜையில் இறங்கியது. குழந்தைகள் கைதட்டின. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் போனேன். மாமனார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

"இடப்பக்கம் கொஞ்சம் உறுத்துது," என்றார். "நாளைக்குத் தேய்ச்சுக் கொடு. அவசரமில்ல, நான் இங்கதான் இருப்பேன்."